கைமாற்று

இரவு ஒன்றே முக்கால்.
அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் ஜவ்வரிசி மில்லில்
கிழங்குத் தொட்டியின் கதவு
பாதி திறந்தபடி நின்றுவிட்டது.
இந்தப் பக்கம் காற்றை விட்டால்
அந்தப் பக்கம் சீறியது சிலிண்டர்.
தண்டில் நீளமாய் ஒரு கீறல்,
சீல் நூல்நூலாய் வெளியே.
தோலுரித்த கிழங்கு எட்டு டன்
பெல்ட்டில் கிடக்கிறது.
விடிந்தால் கறுத்துவிடும்.

கிரீஸ் படிந்த பெயர்த்தகட்டைத் துடைத்தேன்.
துளை அறுபத்துமூன்று, ஓட்டம் இருநூறு.
(நாயன்மார் சைஸ் என்பான் ஹெல்ப்பர் அய்யந்துரை.)
அடியில் ஓர் எண்:
ஒன்று ஐந்து ஐந்து ஐந்து இரண்டு.
செய்தவன் எவனோ, எந்த ஊரோ,
அந்த எண் அவன் கொடுத்த வாக்கு.
நான்கு போல்ட்டும் சதுரத்தில் நிற்கும்,
மையத்துக்கு மையம் ஐம்பத்தாறரை மில்லி.
தண்டின் முனையில் பதினாறு மில்லி மறை, ஒன்றரை பிட்ச்.
காற்று நுழையும் வாய் மூன்று நூல்.
உள்ளே பிஸ்டனை எதில் வார்த்தான்,
எந்த ரப்பரை மாட்டினான்,
அது அவனவன் பாடு.
வெளியே மட்டும்
இன்னொருவன் எழுந்துபோன இடத்தில்
இடிக்காமல் உட்கார வேண்டும்.

எங்கள் ஸ்டோரில் ஸ்பேர் இல்லை.
செவ்வாய்ப்பேட்டைக் கடை திறக்க ஒன்பதாகும்.
எட்டடிச் சுவருக்கு அப்பால்
ஒன்று இருக்கிறது என்று தெரியும்.
புதுசு, வேறு கம்பெனி, நீல மூடி,
முபாரக் டீக்கடையில் சொன்னதுதான்.

அந்தச் சுவர் பாகப்பிரிவினையில் எழுந்தது.
பாய்லர் இங்கே, கிணறு அங்கே.
செங்கோடனும் அத்தியப்பனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்;
ஆறு வருஷமாக வக்கீல் வாயால்தான் பேச்சு.
எடைமேடையை நடுவில் அறுக்க முடியுமா என்று
என்னிடமே ஒருநாள் கேட்டார்கள்,
தனித்தனியாக.

ஸ்பேனரால் சுவரில் மூன்று தட்டு.
முபாரக்கின் தலை தெரிந்தது.
"அறுபத்துமூணு இருநூறா?"
"ஆமா."
சாக்கில் சுற்றி இறங்கியது
இரண்டரைக் கிலோ குளிர்.

ஏதாவது முரண்டு பிடிக்கும் என்று
சுத்தியலைக்கூடப் பக்கத்தில் வைத்திருந்தேன்.
நான்கு போல்ட்டும் விரலாலேயே ஏறின.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

இல்லை, ஒரு குறை இருந்தது.
சென்சார் உட்காரும் பள்ளம் வேறு வடிவம்.
அதைப் பற்றி அந்த எண் வாக்கு எதுவும் தரவில்லை.
அய்யந்துரையின் பழைய சைக்கிள் டியூபை அறுத்து
சென்சாரை இறுக்கிக் கட்டினேன்.
கதவு மூடியது. திறந்தது. மூடியது.
சேர்வராயன் மலையின் விளிம்பு வெளுக்குமுன்
வாய்க்காலில் மாவுப்பால் ஓடத் தொடங்கியது.

கைமாற்றுக்கு வட்டியில்லை, பத்திரமில்லை.
வாங்கிய அதே நோட்டைத் தா என்று
எவனும் கேட்பதுமில்லை.
அடுத்த வாரம் சுவரேறிப் போனது
மூன்றாவது கம்பெனிச் சிலிண்டர், கறுப்பு.
தகட்டில் அதே ஐந்து இலக்கம்.

அத்தியப்பன் ஸ்டோர் கணக்குப் பார்க்கையில் கேட்டாராம்:
நீலம் எங்கே, கறுப்பு எப்படி வந்தது?
முபாரக் உள்ளதைச் சொல்லிவிட்டு,
சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு
நின்றானாம்.
அவர் தண்டை இழுத்துப் பார்த்தார்.
டேப்பை எடுத்து, போல்ட் துளைகளைக்
குறுக்கேயும் நெடுக்கேயும் அளந்தார்.
மறுபடி அளந்தார்.
பிறகு சுவர்ப்பக்கம் பார்க்காமலே,
"அங்க கதவு இப்ப நல்லா மூடுதா?"

மூடுகிறது.
சைக்கிள் டியூப்தான்
மாதம் ஒருமுறை தளர்கிறது.
இறுக்கிக் கட்டுகிறேன்.